இருப்பான், இருந்தான்

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் கட்டிடத்தில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால்கூட மூன்று மணி வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரம் கீழ்த்தளத்துக் கூடத்தில் 'கேஸு' ஓடும். இருபத்திரண்டு வருஷமாக டிவியில் வருகிற தொடர். பாதி போலீஸ், பாதி கோர்ட். அதற்கு நீளமாக ஒரு பேர் உண்டு, புரூக்ளினில் எங்கள் தெருவில் அதை யாரும் சொன்னதில்லை. "கேஸு பாத்தியா?" என்றால் போதும். முந்தின நாள் வருவதைக் கிளியோஃபஸ் பதிவு செய்து வைத்துக்கொண்டு மறுநாள் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், ரிமோட்டை இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டார்.

ரிமோட்தான் அவருடையது. ராஜ்யம் வெர்லீன் பெட்டிஃபோர்டுடையது.

வெர்லீன் இருபத்தொன்பது வருஷம் புரூக்ளின் கோர்ட்டில் சுருக்கெழுத்துக்காரியாக இருந்தவள். ஜட்ஜுக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்கு எதிரே சின்ன மெஷினை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அங்கே யார் என்ன பேசினாலும் ஒரு இருமலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்து வைத்தவள். அதனால் 'கேஸு'க்கு மார்க் போடுவது அவள் வேலை. பத்தில் ஆரம்பிப்பாள், தப்புக்குத் தப்பு குறைத்துக்கொண்டே வருவாள். வக்கீல் சாட்சியின் மூக்குக்கு மூக்கு போய் நின்றால் அரை மார்க் போச்சு. ஜட்ஜ் சுத்தியலால் தட்டினால் ஒரு மார்க்.

"இருபத்தொன்பது வருஷத்துல ஒரு ஜட்ஜ் தட்டி நான் பாத்ததில்ல. அது கோர்ட்டா, தச்சுப் பட்டறையா?" என்பாள்.

ஆறுக்கு மேலே எந்த வாரமும் போனதில்லை. ஜனங்கள் தொடரைப் பார்க்க வந்தார்களா, அவள் மார்க் போடுவதைப் பார்க்க வந்தார்களா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. பொரித்த மீனும் சீஸ் போட்ட மக்ரோனியும் சாப்பிட்ட மயக்கத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெர்லீனுக்குப் பக்கத்தில் வழக்கம்போல பெர்னடின். ஐந்தாவது மாடி, வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு.

கதை என்னவென்றால், ஒரு ரொட்டிக் கடைக்குப் பக்கத்துச் சலவைக் கடைக்காரரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரோ சுட்டுவிட்டார்கள். பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். கூண்டில் ஒரு கிழவர் ஏறுகிறார். ஜார்ஜியாவில் பருத்திக் காட்டில் பிறந்து, சின்ன வயசில் நியூயார்க்குக்கு வந்து, நாற்பது வருஷம் பஸ் டிப்போவில் கூட்டிப் பெருக்கியவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அரசு வக்கீல் கேட்கிறாள்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பையன் எங்கே?"

கிழவர் சொல்கிறார்: "அவனா? அவன் அந்த ரொட்டிக் கடையோரம்தான் இருந்தான்."

"அமுக்கு, அமுக்கு!" வெர்லீன் கையைத் தூக்கினாள். படம் அப்படியே நின்றது. "ஒரு மார்க் குறைச்சுக்கோ."

"ஏன் தாயே? வக்கீலு தள்ளித்தான நிக்கறா?" என்றார் கிளியோஃபஸ்.

"வக்கீல விடு. இந்தக் கிழவன் யாரு? தெக்கத்திக்காரன். எங்க அப்பா வயசு, எங்க அப்பா ஜாடை. இவன் வாயில 'இருந்தான்' வருமா? 'கடையோரம்தான் இருப்பான்'னு வரும். தினம் அங்கதான் நிப்பான், அது அவன் நிக்கற இடம், அவ்வளவுதான் அர்த்தம். அன்னிக்கு ஆறு மணிக்குப் பாத்தேன்னு அர்த்தமே இல்ல. நம்ம வீட்டுக் கிழவங்க பேச்ச அப்படியே எழுதத் தெரியாதவனெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வரான்?"

"எழுதினவன் மன்ஹாட்டன்ல பொறந்த வெள்ளக்காரப் பயலா இருப்பான்."

"எவனா இருந்தா என்ன? எழுதினவனுக்குக் காது இல்ல. அதான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெர்னடின் மட்டும் சிரிக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே வெர்லீன்," என்றாள், "இது நம்ம ஸ்பைவி வீட்டுக் கேஸுடி."

"எந்த ஸ்பைவி?"

"ஆர்தெல் மகன் லமாண்டுடி! மீன் கடைய ரொட்டிக் கடையா மாத்திட்டானுங்க. சலவைக் கடைக்காரரு, செவ்வாய்க்கிழமை, தொப்பி... அது நம்ம எல்ரிட்ஜ் டோசியர் கிழவன். தொண்ணூத்தெட்டுல நடந்தது."

பெர்னடினுக்குத் தெரியாமல் இருக்குமா? அவளுடைய சித்தி மகளைக் கட்டியவனுக்குக் கூடப் பிறந்த தங்கைதான் ஆர்தெல். ஆர்தெலுக்கு மூத்தது ரோசெல், இளையது லமாண்ட். லமாண்ட் உள்ளே போய் இருபத்து நாலு வருஷம். தாய்க்காரி செத்ததற்குக்கூட அவனைக் கைவிலங்கோடு ஒரு மணி நேரம் கூட்டி வந்து காட்டிவிட்டுக் கொண்டு போனார்கள். நானும் அன்றைக்கு சர்ச்சில் இருந்தேன்.

"லமாண்டு உள்ள போனது தெரியும். டோசியர் இப்படிச் சொன்னது எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?" என்றாள் வெர்லீன்.

"தெரியாமப் போச்சா? அந்தக் கேஸுல மெஷினு முன்னாடி உக்காந்திருந்ததே நீதானடி. ஆர்தெல் சொல்லுவா, நம்ம வெர்லீன் அங்க இருக்கறதப் பாத்ததும் கொஞ்சம் தைரியமா இருந்துச்சின்னு."

இதைக் கேட்டால் சிலருக்கு நம்பிக்கை வராது. அந்த வேலை அப்படி. விரல் கேட்கும், தலை கேட்காது. சாயங்காலம் மெஷினை மூடினால் அன்றைக்கு வந்தது கொலையா திருட்டா என்றுகூட அவளுக்கு நினைவிருக்காது. ஆயிரக்கணக்கான கேஸ் அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது.

கிளியோஃபஸ் படத்தை மறுபடி ஓடவிட்டார். ஜூரி பன்னிரண்டு பேரும் இரண்டு நாளாக ஒத்துப்போகவில்லை. சீட்டு எழுதி அனுப்புகிறார்கள்: கிழவர் சொன்னதை ஒரு தரம் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்தக் காட்சியை 'கேஸு' இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் காட்டினதில்லை. வேறு வாரமாக இருந்தால் வெர்லீன் ஒரு மார்க்கைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். சுருக்கெழுத்துக்காரியாக நடித்த பெண் எழுந்து நின்று, தாளை விரித்து, தேன் மாதிரி குரலில் வாசித்தாள்: "அவன் அந்த ரொட்டிக் கடையோரம்தான் இருந்தான்."

ஜூரியில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். முடிந்தது. அடுத்த காட்சியில் தீர்ப்பு.

வெர்லீன் கையில் இருந்த காகிதக் கோப்பை சாய்ந்து, ஐஸ் டீ பாவாடையெல்லாம் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. அதைக் கவனித்தாளா என்பதே சந்தேகம்.

"மிஸ் வெர்லீன், மார்க் எத்தனை?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அந்த வரி எங்கேருந்து எடுத்தாங்க?" என்றாள் அவள், கேட்டவருக்குப் பதில் சொல்லாமல்.

"வேற எங்கேருந்து? கோர்ட்டுத் தாள்லேருந்துதான்," என்றார் கிளியோஃபஸ். "யாரு வேணா வாங்கிப் படிக்கலாமே. அப்படியே காப்பி அடிச்சிருப்பானுங்க."

கோர்ட்டுத் தாள் என்றால் வெர்லீன் தட்டெழுதிக் கையெழுத்துப் போட்ட தாள்.

அவள் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், லிஃப்டைக்கூடப் பார்க்காமல் படி ஏறிப் போனாள். எழுபத்தொரு வயசு, முட்டி வலி. ஆறு மாடி.

*

வெர்லீனின் அப்பா ஈசெல் பெட்டிஃபோர்ட் தெற்குக் கரோலினாக்காரர். ஆரஞ்ச்பர்க் பக்கம். இரண்டு தம்பிகளோடு வடக்கே வந்து கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா ஐடா சலவை நிலையத்தில் பணக்கார வீட்டுச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். நாலு பிள்ளைகளில் வெர்லீன் மூன்றாவது. பகலில் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலத்தில் சுருக்கெழுத்துப் பள்ளிக்கூடம் போனாள். ரஸ்ஸல் ஹேம்ஸ் என்று ஒருத்தனைக் கட்டினாள், ஏழு வருஷத்தில் அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். குழந்தை இல்லை. கோர்ட்டில் அந்த மாடியில் மெஷின் முன்னால் உட்கார்ந்த முதல் கறுப்புப் பெண் அவள்தான். ஈசெல் அதைக் கப்பல் பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

வேலைக்குப் போன முதல் வருஷத்தில் ஒன்று நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு அறையில் இரண்டு வக்கீல்கள் அவள் அடித்துக் கொடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சாட்சி சொன்ன ஒரு கிழவனின் பேச்சை உரக்க வாசித்தார்கள். வாசித்து, அவனைப்போலவே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டி, மேஜையில் தட்டிச் சிரித்தார்கள். ரொட்டியைக் கையில் பிடித்தபடி வெர்லீன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் அடித்திருந்தாள். ஆனால் அது அவள் அப்பாவின் பேச்சு.

அன்றிலிருந்து அவள் இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர் அதுதான். மெஷினில் அடிக்கும்போது காதில் விழுந்ததை அப்படியே அடிப்பாள், அந்த வேகத்தில் வேறு வழியில்லை. பிறகு தாளில் தட்டெழுதும்போதும், கோர்ட்டில் வாசிக்கச் சொன்னால் வாசிக்கும்போதும், நம்ம ஆட்களின் பேச்சை மட்டும் மடிப்பு கலையாத பேச்சாக்கிவிடுவாள். ஐயா வக்கீல்மார்களே, இனிமேல் சிரியுங்கள் பார்ப்போம். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. "தெளிவான குரல், தெளிவான தாள்" என்று ஜட்ஜுகள் பாராட்டினார்கள்.

இருபத்தொன்பது வருஷம் அவள் அதை நல்ல காரியம் என்றே நினைத்திருந்தாள். சொல்லப்போனால் வாழ்க்கையில் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று.

*

சனிக்கிழமை காலையில் பெர்னடினும் கிளியோஃபஸும் போய்க் கதவைத் தட்டியபோது வீடு முழுக்கப் பெட்டி. மெஷினிலிருந்து வருகிற காகிதச் சுருளை அவள் தூக்கி எறிந்ததே இல்லை. நாலு விரல் அகலம், விசிறி மாதிரி மடிப்பு. அதில் எழுத்து இருக்கும், வார்த்தை இருக்காது. ஒவ்வொரு சுருக்கெழுத்துக்காரிக்கும் தனக்கென்று ஒரு குறுக்கு வழி உண்டு. வெர்லீனின் சுருளை வெர்லீன்தான் வாசிக்க முடியும்.

மேஜைமேல் ஒரு மடிப்பு விரித்துக் கிடந்தது.

"என்னடி இது?" என்றாள் பெர்னடின்.

வெர்லீன் விரல் வைத்துக் காட்டினாள். "கேள்வி: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லமாண்ட் ஸ்பைவி எங்கே? பதில்: லமாண்டா? அவன் அந்த மீன் கடையோரம்தான்..." விரல் ஒரே ஒரு எழுத்தின்மேல் நின்றது. "இருப்பான்."

"இருப்பானா?"

"இருப்பான். என் கை அடிச்சிருக்கு. என் வாய் மாத்தி வாசிச்சிருக்கு. அந்தப் பன்னெண்டு பேருக்கு முன்னாடி நின்னு 'இருந்தான்'னு வாசிச்சேன், பெர்னடின். நாப்பது நிமிஷத்துல தீர்ப்பு வந்துடுச்சு. மணி இங்க அடிச்சிருக்கேன், பாரு. நாப்பது நிமிஷம்."

பெர்னடின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

கிளியோஃபஸ்தான் பேசினார். அவருக்கு வெர்லீன்மேல் பத்து வருஷமாக ஒரு இது, கட்டிடத்துக்கே தெரியும். "கேளு வெர்லீன். கோர்ட்டுல அப்ப எத்தன பேரு இருந்தாங்க? ஜட்ஜ் இருந்தாரு, பையனோட வக்கீல் இருந்தாரு. ஒருத்தருக்கும் காதுல விழலியே. உன் தல மேல மட்டும் ஏன் போட்டுக்கற?"

"வாசிச்சது நான்."

"சரி, வாசிச்ச. இப்ப இதப் போய்ச் சொன்னா என்ன நடக்கும்? ஒரு கேஸோட விடுவாங்களா? எல்லாப் பெட்டியையும் தொறப்பாங்க. உன்னக் கூண்டுல ஏத்துவாங்க. கறுப்பு ஜனங்கள மாட்டிவிட்ட கறுப்புப் பொம்பளன்னு பேப்பர்ல படம் போடுவாங்க. இந்த ஒரு முழக் காகிதம் ஒனக்குத் தவிர யாருக்கும் புரியாது. செவ்வாய்க்கிழமை குப்ப லாரி வருது. நானே கீழ எடுத்துட்டுப் போறேன்."

"கிளியோ," என்றாள் பெர்னடின், மெதுவாக. "அவன் எனக்கு உறவு முறை."

"எனக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சா வாய மூடு."

வெர்லீன் சுருளை மடித்தாள். "எனக்கு மட்டும் புரியும்கறதுதான் பயமா இருக்கு, கிளியோ. நான் செத்துட்டா அவன் கடைசி வரைக்கும் உள்ளயேதான்." எழுந்து கோட்டை எடுத்தாள். "ரோசெல் இன்னும் அந்த மருந்துக் கடையிலதான இருக்கா?"

*

ரோசெல் ஸ்பைவிக்கு ஐம்பது வயசு. கண்ணாடிக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் வெர்லீனைப் பார்த்ததும், "மிஸ் வெர்லீன்! ரத்தக் கொதிப்பு மாத்திரை அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றாள்.

"கொஞ்சம் வெளிய வாம்மா."

கடை வாசலில், பஸ் நிற்கிற சத்தத்துக்கு நடுவில், வெர்லீன் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ரோசெல் கேட்டாள். அழுவாள், கத்துவாள், கையை ஓங்கினாலும் ஓங்குவாள் என்று வெர்லீன் தயாராக நின்றாள். ரோசெல் கேட்டது வேறு.

"அப்ப டோசியர் தாத்தா அப்படிச் சொல்லலையா?"

"சொல்லல."

"சொல்லவே இல்லையா?"

"இல்லம்மா."

ரோசெல் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கேஸு முடிஞ்சப்புறம் அவர்கூட யாரும் பேசல, தெரியுமா? சர்ச்சுல அவர் பெஞ்சுல யாரும் உக்காரல. ஜன்னல ரெண்டு தரம் ஒடச்சாங்க. ஒரு கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. ஆர்தெல், நான் அப்படிச் சொல்லலம்மா, பையன் தினம் அங்க நிப்பான்னுதான் சொன்னேன்னு அழுதாரு. எங்கம்மா உள்ள போயி கோர்ட்டுத் தாள எடுத்துட்டு வந்து அவர் மூஞ்சியில அடிச்சா. இந்தா, வாசி, உன் வாயில வந்ததுதான், வாசின்னா." அவள் மூச்சு வாங்கினாள். "அவருக்கு வாசிக்கத் தெரியாது, மிஸ் வெர்லீன். அந்தத் தாளக் கையில வச்சிக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம், எழுதியிருந்தா சொல்லித்தான் இருப்பேன் போலன்னு சொல்லிட்டுப் படி எறங்கிப் போயிட்டாரு."

எல்ரிட்ஜ் டோசியர் செத்தது இரண்டாயிரத்து மூன்றில். தூக்கிப்போக அவருடைய அக்கா பேரன்கள் இரண்டு பேர், மீதிக்கு சவக்கிடங்கு ஆட்கள்.

அந்தக் கிழவரை வெர்லீன் ஒரு வக்கீல் சிரிப்பிலிருந்து காப்பாற்றியதாக நினைத்திருந்தாள். அந்த நடைபாதையிலேயே, ஜனங்கள் போக வர, அவள் உட்கார்ந்துவிட்டாள். ரோசெல்தான் கையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிவிட்டு, "திங்கக்கிழமை லமாண்டோட வக்கீல் ஆபீசுக்கு வரணும். வரலேன்னா நான் போலீசோட வருவேன்," என்றாள்.

"நீ வரவேணாம். நானே பெட்டியோட வரேன்."

*

விசாரணைக்கு ஏழு மாசம் ஆயிற்று. பெர்னடினும் கிளியோஃபஸும் நானும் பின் வரிசையில். லமாண்டைக் கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். பத்தொன்பது வயசில் போனவனுக்கு முன் தலையில் முடி இல்லை. அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெர்லீன் கூண்டில் ஏறினாள். வாழ்நாளெல்லாம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவள், ஏறினது அன்றுதான் முதல் தடவை. அவளுக்குக் கீழே ஒரு இளம்பெண் புது மெஷினில் அவள் சொல்வதை அடித்துக்கொண்டிருந்தாள். வெர்லீன் அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டு சுருளை வாசித்தாள்.

"அவன் அந்த மீன் கடையோரம்தான் இருப்பான்."

ஜட்ஜ் ஒரு அம்மாள், வெள்ளைக்காரி. "இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லையே," என்றாள்.

"ஜட்ஜம்மா, எங்க அப்பா ஞாயித்துக்கிழம சர்ச்சுலதான் இருப்பாருன்னு நான் சொன்னா, போன ஞாயித்துக்கிழம அவரு இருமிக்கிட்டு வீட்டுல படுத்திருந்தாலும் அது பொய் இல்ல. சர்ச்சுல இருந்தாருன்னு சொன்னா அது பொய். டோசியர் பொய் சொல்லல. அன்னிக்கு லமாண்டப் பாத்தேன்னே அவரு சொல்லல. நான் சொல்ல வச்சேன்."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தாள்.

அரசு வக்கீல் எழுந்தான். சின்ன வயசு, நல்ல சூட். "அம்மணி, இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது உங்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கிறதா?"

"ஒண்ணும் ஞாபகம் இல்லங்க. இருந்தத வாசிக்கறேன்."

"அன்றைக்கும் வாசித்தீர்கள். அன்றைக்குத் தப்பாக வாசித்ததாக இன்றைக்குச் சொல்கிறீர்கள். இன்றைக்கு வாசிப்பதை நாங்கள் எப்படி நம்புவது?"

பெர்னடின் என் கையை நகம் பதியப் பிடித்தாள். நியாயமான கேள்வி. சுருளை வாசிக்க உலகத்தில் ஒரே ஆள், அந்த ஆள் ஏற்கெனவே ஒரு தரம் மாற்றி வாசித்தவள்.

வெர்லீன் சுருளின் முன்பக்கத்து மடிப்புகளை விரித்தாள். பிறகு சொன்னாள்: "இந்த ஒரு எழுத்த நீங்களே பாக்கலாம். அதே நாள் சுருள்ல போலீஸ்காரர் சாட்சியும் இருக்கு. அவரு எத்தனையோ தரம் 'இருந்தான்'னு சொல்லியிருக்காரு. அதுக்கு நான் என்ன அடிச்சிருக்கேன்னு பாருங்க. டோசியருக்கு என்ன அடிச்சிருக்கேன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணா வேறயான்னு கண்ணால பாக்கலாம். வாசிக்கத் தெரியவேண்டியதில்ல."

சுருள் கை மாறிப் போயிற்று. ஜட்ஜ் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். அரசு வக்கீல் பார்த்தான். கீழே இருந்த இளம்பெண்ணைக்கூட ஜட்ஜ் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமலே, "வேற வேற," என்றாள். சொன்ன பிறகுதான் தான் பேசக்கூடாது என்று அவளுக்கு ஞாபகம் வந்து முகம் சிவந்தது.

அரசு வக்கீல் உட்காரப் போனவன், போகிற போக்கில் ஒன்று கேட்டான். "இதுபோல வேறு எத்தனை சாட்சிகளின் பேச்சை மாற்றினீர்கள், அம்மணி?"

"எங்க ஜனங்க எத்தன பேரு இந்தக் கூண்டுல ஏறினாங்களோ, அத்தன பேரோடதும்."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே ஜட்ஜைப் பார்த்தான். ஜட்ஜ் வாயில் கை வைத்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறேன், ஒரு பதிலுக்கு ஒரு கோர்ட்டே இப்படிப் பேயறைந்ததுபோல் ஆனதைப் பார்த்ததில்லை.

மூன்று வாரத்தில் லமாண்ட் ஸ்பைவியின் தண்டனையை ரத்து செய்தார்கள். மறுபடி கேஸ் நடத்தப்போவதில்லை என்று அரசுத் தரப்பும் சொல்லிவிட்டது. அதே வாரம் கோர்ட்டிலிருந்து இரண்டு பேர் வேனில் வந்து வெர்லீன் வீட்டுப் பெட்டிகளை எடுத்துப் போனார்கள். எழுபத்தெட்டு பெட்டி. வாரத்துக்கு மூன்று நாள் அவள் போய் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இனிமேல் மீதி வாழ்நாளுக்கு அதுதான் வேலை.

*

லமாண்ட் வெளியே வந்து பன்னிரண்டு நாள் கழித்து ரோசெல் வெர்லீனைப் போனில் கூப்பிட்டாள்.

"உங்க மேல கோவமான்னு கேட்டேன், மிஸ் வெர்லீன். அதுக்கு நேரம் வரலன்னான். இருபத்து நாலு வருஷம் டோசியர் தாத்தாவத் திட்டித்தான் தூங்கியிருக்கான். அவர் செத்த சேதி வந்த அன்னிக்கு உள்ள சிரிச்சானாம். அத நெனச்சு நெனச்சு இப்ப சோறு எறங்க மாட்டேங்குது."

"என்கிட்ட வரச் சொல்லு."

"வந்து?"

"என்ன வேணா சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவன் வந்தான். கோட்டைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பெர்னடின் சமையலறையில் இருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். வெர்லீன் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"அந்தத் தாத்தா பேசினது முழுசா இருக்கா?"

"நகல் வச்சிருக்கேன்."

"மொதல்லேருந்து வாசிங்க. அவரு சொன்ன மாதிரியே."

வெர்லீன் வாசித்தாள். பேர் என்ன, எங்கே பிறந்தீர்கள், எத்தனை வருஷமாய் அந்தத் தெருவில். தெக்கத்திப் பேச்சு, ஈசெல் பெட்டிஃபோர்ட் பேசிய பேச்சு, ஒரு மடிப்பையும் நீவாமல். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒரு இடம் வந்தது. பையனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். கிழவர் சொல்லியிருக்கிறார்: "நல்ல புள்ளங்க. பனி பெஞ்சா என் வாசல அவன்தான் தள்ளிவிடுவான். காசு குடுத்தா வாங்க மாட்டான்." அந்தப் பதிலை அன்றைக்கு அரசு வக்கீல் ஆட்சேபித்து, ஜட்ஜ் ஜூரியிடம் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

லமாண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வெர்லீன் நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்க," என்றான்.

அவள் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். முடிந்ததும் அவன் கதவைத் திறந்தான்.

"நான் பனி தள்ளினது எனக்கே மறந்துபோச்சு," என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். வெர்லீன் கதவைச் சாத்தாமல், கையில் நகலோடு, அவன் காலடிச் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் போய்ச் சேருகிறவரை நின்றுகொண்டிருந்தாள்.